‘பயப்படாதே’ வசனத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?

டிசெம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, யாழ்ப்பாணத்தில் பல தேவாலயங்களின் வாசலில் ஒரு தட்டை நீட்டுவார்கள். அதில் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். வரப்போகிற வருடத்துக்கு உங்களுக்கென்று கிடைத்த வாக்குத்தத்த வசனம் அது. எங்கள் அம்மம்மா தான் எடுத்த அட்டைகளையெல்லாம் தன் வேதாகமத்துக்குள்ளேயே வைத்திருந்தார். அவர் போன பிறகு அவற்றை எடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தோம். மூன்று வருடங்களுக்கு ஒரே வசனம் வந்திருந்தது. ஏசாயா 41:10. “நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன், திகையாதே, நான் உன் தேவன்.”

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் இந்த வசனம் தெரியாதவர்கள் குறைவு. கலண்டரில் இருக்கும், ஓட்டோவின் பின்கண்ணாடியில் இருக்கும், வைத்தியசாலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் யாராவது கொண்டுவந்து வைத்திருப்பார்கள். ஆனால் அதே அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். “தீவுகளே, எனக்கு முன்பாக மவுனமாயிருங்கள்” என்று தொடங்குகிறது முதலாவது வசனம். “நாம் ஒருமிக்க நியாயாசனத்துக்கு முன்பாகச் சேர்வோம்” என்று முடிகிறது. தீவுகள் என்றால் இங்கே தூரத்துக் கடற்கரை நாடுகள். கடவுள் தேசங்களுக்கு அழைப்பாணை அனுப்பி வழக்குக்குக் கூப்பிடுகிறார். ஒன்பது வசனம் தள்ளி, அதே வாய்தான் “பயப்படாதே” என்கிறது.

தேசங்களை நியாயந்தீர்க்கும் கடவுள், விசுவாசியைத் தேற்றும் கடவுள் என்று இரண்டு பேர் இல்லை. வேதாகமத்தைப் புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. சிலர் கோபமான பக்கங்களைத் தாண்டிப்போய் ஆறுதல் வசனங்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். வேறு சிலர் கோபத்தையே பிடித்துக்கொண்டு, எந்த நாட்டில் புயல் அடித்தாலும் ‘தண்டனை’ என்கிறார்கள். இரண்டும் ஏன் சரிவராது என்பதை என்னால் முடிந்தவரை எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் ‘ஜாதிகள்’ என்று அடிக்கடி வரும். அது எபிரெயத்தில் ‘கோயிம்’ என்ற சொல். மக்களினங்கள், தேசங்கள் என்று பொருள். ஒருமுறை வேதபாட வகுப்பில் பதினான்கு வயதுப் பெடியன் ஒருவன் எழுந்து, “கடவுள் எந்தச் சாதிக்குத் தண்டனை குடுத்தவர்?” என்று கேட்டான். அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல் காதில் விழுந்தால் அப்படித்தான் கேட்கும். வேதத்தில் அந்தச் சொல்லுக்கு நாங்கள் நினைக்கிற சாதி என்ற பொருள் இல்லை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அவன் கேள்வியை நான் மறக்கவில்லை. கீழே அது திரும்ப வரும்.

அடுத்தது ‘நியாயத்தீர்ப்பு’. இதைக் கேட்டவுடன் எங்களுக்குத் தண்டனைதான் நினைவுக்கு வருகிறது. எபிரெயத்தில் ‘மிஷ்பாத்’ என்ற சொல் அதைவிட அகலமானது: தீர்ப்பு, நீதி, கோணியதை நிமிர்த்துவது எல்லாம் அதற்குள் அடங்கும். பழைய ஏற்பாட்டில் நியாயாதிபதிகள் என்றே ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் வரும் தெபொராள் பேரீச்சமரத்தின்கீழ் இருந்து ஜனங்களின் வழக்கைக் கேட்டவள். ஆனால் ஒத்னியேலையும் மற்றவர்களையும் பாருங்கள். அவர்கள் செய்த வேலை பெரும்பாலும் நசுக்கப்பட்ட ஜனத்தை நசுக்கியவன் கையிலிருந்து மீட்டதுதான். அதற்கும் ‘நியாயம் விசாரித்தான்’ என்றே எழுதியிருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் 96ஆம் சங்கீதம் விளங்கும். கடவுள் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டு அங்கே வானம் மகிழ்கிறது, வயல் களிகூருகிறது, காட்டு மரங்கள் எல்லாம் பாடுகின்றன. நீதிபதி வருகிறார் என்றால் யாராவது பாடுவார்களா? பாடுவார்கள். வழக்கு வருடக்கணக்காக இழுபட்டுக் கிடக்கிறவர்கள் பாடுவார்கள். லூக்கா 18இல் இயேசு சொன்ன உவமையில் ஒரு விதவை வருகிறாள். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதியின் வாசலில் நாளுக்கு நாள் போய் நிற்கிறாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு நியாயம் செய்யுங்கள். காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி தெருவோரக் கொட்டிலில் இருக்கும் தாய்மாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிளிநொச்சியில் அந்தப் போராட்டம் 2017 பெப்ரவரியில் தொடங்கியது. தீர்ப்பு நாள் என்பதை அவர்களிடம் போய் பயமுறுத்தும் செய்தியாகச் சொல்ல முடியாது. அவர்கள் காத்திருப்பதே அந்த நாளுக்காகத்தான்.

‘அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்’ என்று எங்கள் பழமொழி சொல்கிறது. அந்த ‘நின்று’ என்ற சொல்லைக் கிறிஸ்தவம் சற்று வேறுவிதமாக விளக்கும். தெய்வம் ஏன் நிற்கிறது? பேதுருவின் இரண்டாம் நிருபம் சொல்வது, ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்று அவர் பொறுமையாயிருக்கிறார் என்பது. எரேமியா 18ஆம் அதிகாரத்தில் இதைக் கடவுளே சொல்கிறார்: ஒரு தேசத்தைப் பிடுங்குவேன் என்று நான் சொல்லியிருந்தாலும், அந்த ஜனம் தீமையை விட்டுத் திரும்பினால், நினைத்த தண்டனையைச் செய்யாமல் விடுவேன். எனவே தீர்க்கதரிசி சொல்கிற கடினமான வார்த்தையை எச்சரிக்கையாகவே முதலில் கேட்க வேண்டும்.

ஆமோஸ் சுற்றிய சுற்று

தேசங்கள்மேல் வரும் தீர்ப்பைப் படிக்க நல்ல இடம் ஆமோஸ் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்கள். ஏசாயாவிலும் (13 முதல் 23), எரேமியாவிலும் (46 முதல் 51), எசேக்கியேலிலும் (25 முதல் 32) இதே மாதிரிப் பகுதிகள் உண்டு. அவை நீளம். ஆமோஸ் சுருக்கமாக, அடித்துச் சொல்கிறார்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டு. தெற்கே யூதா நாட்டில் தெக்கோவா என்ற ஊர்க்காரர். ‘நான் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசியின் புத்திரனுமல்ல’ என்று சொன்னவர். மந்தை மேய்த்து, காட்டத்திப் பழம் பொறுக்கிச் சீவித்தவர். அவர் வடக்கே இஸ்ரவேலுக்குப் போய்ப் பேசுகிறார். முதலில் தமஸ்கு. பிறகு காசா. பிறகு தீரு, ஏதோம், அம்மோன், மோவாப். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்’ என்று அதே தொடக்கம், பறை அடிப்பதுபோல.

குற்றப்பத்திரிகையைக் கவனியுங்கள். எங்கள் கடவுளைக் கும்பிடவில்லை என்ற குற்றச்சாட்டு அந்த ஆறு தேசங்களில் ஒன்றின்மேலும் இல்லை. தமஸ்கு, கீலேயாத் என்ற இஸ்ரவேல் பகுதியை இரும்புக் கருவிகளால் போரடித்தது. சூடு மிதிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் கொடூரம் தெரியும்: நெற்கதிர் கிடக்கிற இடத்தில் மனிதர்கள் கிடந்தார்கள். காசா, ஒரு முழு ஊரையே சிறைபிடித்து ஏதோமுக்குக் கையளித்தது. தீரு, சகோதர உடன்படிக்கையை மறந்தது. அம்மோனியர், தங்கள் எல்லையை விரிவாக்குவதற்காகக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறினார்கள். எல்லையை விரிவாக்க! கி.மு. 8ஆம் நூற்றாண்டில் எழுதியது. வாசிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

மோவாபின் குற்றம் இன்னும் கவனிக்கத்தக்கது. ஏதோமின் ராஜாவுடைய எலும்புகளை நீறாகச் சுட்டுவிட்டார்கள். மோவாபும் இஸ்ரவேல் இல்லை, ஏதோமும் இஸ்ரவேல் இல்லை. ஒரு வேற்றுத் தேசம் இன்னொரு வேற்றுத் தேசத்தின் செத்த ராஜாவை அவமதித்ததற்குக் கடவுள் கணக்குக் கேட்கிறார். தன் ஜனத்தை அடித்தால் மட்டும் கோபப்படுகிற குலதெய்வம்போல் அவர் இங்கே பேசவில்லை. நசுக்கப்பட்டவன் யாராக இருந்தாலும் அவன் சத்தம் அவருக்குக் கேட்கிறது.

இதோடு ஒபதியாவையும் சேர்த்து வாசிக்கலாம். பழைய ஏற்பாட்டில் மிகச் சிறிய புத்தகம், 21 வசனம்தான். எருசலேம் விழுந்தபோது ஏதோம் என்ன செய்தது என்று அது கேட்கிறது. ஏதோம் ஒதுங்கி நின்றது. பார்த்து மகிழ்ந்தது. தப்பி ஓடுகிறவர்களைப் பிடிக்க வழிச்சந்திகளில் நின்றது. “நீயும் அவர்களில் ஒருவனைப்போல் இருந்தாய்” என்கிறார் கடவுள். பார்த்துக்கொண்டு நிற்பதும் குற்றப்பத்திரிகையில் ஏறுகிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த வசனத்தை விளக்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

சரி, ஆமோசுக்குத் திரும்புவோம். அவர் பேசப் பேச இஸ்ரவேல் சபை தலையாட்டியிருக்கும். எதிரிகள் ஒவ்வொருவராக வாங்கிக் கட்டுகிறார்களே! வரைபடத்தில் பார்த்தால் வடகிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு, தென்கிழக்கு என்று விரல் சுற்றிக்கொண்டே வருகிறது. ஏழாவதாக யூதா, அவருடைய சொந்த நாடு. அதற்கும் தலையாட்டல்தான். எட்டாவதாக விரல் வந்து நிற்பது கேட்டுக்கொண்டிருக்கிற அவர்கள்மேலேயே. நீதிமானைப் பணத்துக்கும், எளியவனை ஒரு சோடி பாதரட்சைக்கும் விற்றீர்கள். ஏழையிடம் அடகாக வாங்கிய துணியை விரித்துப் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே படுத்தீர்கள். மற்றவர்களைவிட நீளமான குற்றப்பத்திரிகை இவர்களுக்குத்தான். கடவுள் தெரிந்தெடுத்த ஜனம் என்பதால் சலுகை உண்டா என்றால், 3ஆம் அதிகாரம் நேர்மாறாகச் சொல்கிறது: உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களை விசாரிப்பேன்.

கி.மு. 722இல் அசீரியா சமாரியாவைப் பிடித்தது. வட இஸ்ரவேல் அதோடு முடிந்தது.

இங்கே ஒரு கேள்வி வரும், வர வேண்டும். கடவுள் அசீரியாவைப் பாவித்து இஸ்ரவேலைத் தண்டித்தார் என்றால், அசீரியா செய்தது சரியா? ஏசாயா 10ஆம் அதிகாரம் இதை நேராக எடுக்கிறது. அசீரியா கடவுளின் கையிலிருந்த கோல்தான், ஆனால் அது தன் மனதில் நினைத்தது அழிப்பதையும் கொள்ளையையும். ‘என் கையின் பெலத்தால் செய்தேன்’ என்று பீற்றியது. கோடரி, தன்னைப் பிடித்து வெட்டுகிறவனுக்கு எதிராகப் பெருமை பேசலாமா என்று கேட்கிறார் ஏசாயா. அசீரியாவும் தன் முறைக்கு விசாரிக்கப்பட்டது, அதன் தலைநகர் நினிவே கி.மு. 612இல் விழுந்தது. எருசலேமை அழித்த பாபிலோன் கி.மு. 539இல் பெர்சிய ராஜா கோரேசிடம் விழுந்தது. பலசாலி வென்றுவிட்டான் என்பதால் கடவுள் அவன் பக்கம் என்று இந்தத் தீர்க்கதரிசிகளை வைத்து யாரும் சொல்ல முடியாது.

விரல் எங்கள் பக்கம் திரும்பும்போது

ஆமோசை வாசித்துவிட்டு மற்ற ஆறு தேசங்களோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் இல்லை. நாங்கள் அதிகம் பட்டவர்கள். அது உண்மை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு வீட்டை விட்டு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. அந்த மாதத்தில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ‘ஒரு முழு ஊரையே’ என்ற வார்த்தையைக் காசாவைப்பற்றி வாசிக்கும்போது எனக்கு அது ஞாபகம் வருகிறது. அந்தப் பெடியன் கேட்ட கேள்வியும் ஞாபகம் வருகிறது. கோவிலுக்குள் யார் எங்கே இருக்கலாம், எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளலாம் என்று சாதி பார்த்துத் தீர்மானித்த ஊர் இது. அதில் கிறிஸ்தவச் சபைகளும் சுத்தமில்லை. ஆமோஸ் இன்றைக்கு யாழ்ப்பாணத்துக்கு வந்தால் எட்டாவதாக யாரைக் காட்டுவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் மழையில் நடந்தோம். நான் அப்போது சின்னப் பிள்ளை. அம்மம்மா தன் வேதாகமத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி அரிசி மூட்டைக்குள் வைத்திருந்தார். தேதி ஒன்றாக இருக்கிறதே, அப்படியானால் இது அதற்கான தண்டனையா?

அப்படிச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தில், மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு முன்னாலேயே, “நாங்கள் செய்த பாவத்துக்குத்தான் ஆண்டவர் இப்பிடிச் செய்தவர்” என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அந்த அம்மா எழுந்து வெளியே போனார். பிறகு அந்தக் கூட்டத்துக்கு அவர் வரவேயில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் காட்சி எனக்கு ஆறவில்லை.

ஏனென்றால் இயேசு அந்த வழியை அடைத்திருக்கிறார். லூக்கா 13இல் இரண்டு சம்பவங்கள் பேசப்படுகின்றன. ரோம ஆளுநர் பிலாத்து சில கலிலேயரைப் பலி செலுத்துகிற நேரத்திலேயே கொன்றிருக்கிறான். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்திருக்கிறார்கள். ஒன்று அரசு செய்த கொலை, மற்றது விபத்து. செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, “அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்” என்கிறார். அதோடு விடாமல், நீங்களும் மனந்திரும்ப வேண்டும் என்கிறார். அடுத்தவன் மேல் விழுந்த கல்லை வைத்து அவன் கணக்கைப் பார்க்காதே, உன் கணக்கைப் பார் என்பதுதான் அது.

1995 ஜூலை 9 அன்று நவாலியில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடவுளின் வீட்டுக்குள் ஓடி வந்தவர்கள் அவர்கள். எந்தத் தீர்க்கதரிசன வசனத்தையும் அவர்கள்மேல் வைத்து வாசிக்க முடியாது. வாசித்தால் சீலோவாம் விஷயத்தில் இயேசு தடுத்ததையே செய்கிறோம். ஒரு தேசத்துக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று சொல்லும் அதிகாரம் வேதத்தில் தீர்க்கதரிசிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது அவர்கள் கண்டித்த கொடுமைகளை எங்கே கண்டாலும், முதலில் எங்களிடம் கண்டாலும், அதை விட்டுத் திரும்புகிற வேலை.

அப்படியானால் ‘பயப்படாதே’ என்பது என்ன?

நவாலியை மனதில் வைத்துக்கொண்டே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பதில் மலிவாகிவிடும். விசுவாசிக்கு ஒன்றும் நடக்காது என்று ஏசாயா 41 சொல்லவில்லை. அதைக் கேட்ட முதல் ஆட்களுக்கு நடக்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. எருசலேம் எரிந்தது கி.மு. 586இல். தேவாலயம் இடிந்தது. அவர்கள் பாபிலோனில் அகதிகள். அந்த அகதிகளைப் பார்த்து 14ஆம் வசனம் “யாக்கோபு என்னும் பூச்சியே” என்று கூப்பிடுகிறது. யாக்கோபு என்பது இஸ்ரவேலுக்கு இன்னொரு பெயர். மிதித்தால் நசுங்குகிற பூச்சி. அதனிடம் ‘பயப்படாதே’ என்றால், மிதிக்கிற கால் யாருடையது, அந்தக் கால் எவ்வளவு பெரியது என்று முதலில் காட்ட வேண்டும்.

அதைத்தான் முந்திய அதிகாரம் செய்கிறது. ஏசாயா 40:15இல், ஜாதிகள் “ஏற்றச்சாலில் தொங்கும் துளிபோலவும், தராசிலே படியும் தூசிபோலவும்” என்று வருகிறது. துலாக்கிணறு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உவமை கையில் எடுத்துத் தந்த மாதிரி. ஆடுகாலில் நீட்டிக் கிடக்கும் துலா, நுனியில் கொடி, கொடியில் பட்டை. கிணற்றுக்குள் இறங்கி, நிறைந்து, மேலே வந்து, வாய்க்காலில் ஊற்றியாகிவிட்டது. பட்டை திரும்ப இறங்குகிற நேரம் அதன் விளிம்பைப் பாருங்கள். ஒரு துளி தொங்கிக்கொண்டிருக்கும். தோட்டம் இறைக்கிறவர் அந்தத் துளியைக் கணக்கெடுப்பதில்லை. பாபிலோன் அவ்வளவுதான் என்கிறார் தீர்க்கதரிசி. அதே வசனத்தில் தராசும் வருவதைக் கவனித்தீர்களா? தமிழில் தண்ணீர் இறைப்பதும் துலா, நிறுப்பதும் துலாக்கோல். எபிரெயத்தில் எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, ஆனால் எங்கள் மொழியில் இரண்டு உவமையும் ஒரே மரத்தில் ஆடுகின்றன.

யாழ்ப்பாணக் கோட்டை மதிலில் ஏறி நின்று இந்த வசனத்தை வாசித்துப் பாருங்கள். 1619இல் யாழ்ப்பாண அரசை முடித்த போர்த்துக்கேயர், 1658இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தர், 1795இல் வந்த ஆங்கிலேயர். மூவரும் தங்களைக் கிறிஸ்தவத் தேசம் என்று சொல்லிக்கொண்டவர்கள். ஒல்லாந்தர் கோட்டைக்குள் கட்டிய தேவாலயம் உள்நாட்டுப் போரில் இடிந்தது. வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தேசமும் துளிதான்.

ஆறுதலின் முதல் பாதி இது: உன்னை மிதிக்கிற வல்லமை கடைசி வல்லமை இல்லை. இரண்டாவது பாதி ‘நான் உன்னுடனே’ என்ற சொல். எரேமியா 29இல் பாபிலோனில் இருக்கிற அகதிகளுக்கு ஒரு கடிதம் போகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து கொடுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். திரும்பி வர எழுபது வருடம் ஆகும். அட்டைகளில் 11ஆம் வசனம் மட்டும் வரும், சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்பது. 10ஆம் வசனத்தில் உள்ள எழுபது வருடம் அட்டையில் வராது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் அந்த நாளைப் பார்க்கப்போவதில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வசனம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் உறவுகளுக்கு நான் இந்த அதிகாரத்தை முழுதாக வாசிக்கச் சொல்வதுண்டு.

யாக்கோபுக்குச் சொன்னது எங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். கிறிஸ்தவர்கள் இதற்கு இயேசு என்று பதில் சொல்கிறார்கள். கடவுளின் வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் ‘ஆம்’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஞாயிறுதோறும் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார் என்று ஒரு வரி. உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று சற்றுத் தள்ளி இன்னொரு வரி. ஒரு பேரரசின் ஆளுநரிடம் அநியாயத் தீர்ப்பு வாங்கிக் கைகட்டி நின்றவர்தான் நீதிபதியாக வரப்போகிறவர். விசாரணைக் கூண்டுக்குள் நின்ற அனுபவம் அந்த நீதிபதிக்கு இருக்கிறது. எங்கள் பாவத்தின் தீர்ப்பையும் அவர் அங்கே தன்மேல் ஏற்றுக்கொண்டார், ஆகவே அவருக்குள் இருக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்பது ரோமர் 8இன் செய்தி. ‘உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு’ என்று அவரே சொல்லிவிட்டுத்தான் ‘திடன்கொள்ளுங்கள்’ என்றார். அந்த வரிசையை மாற்றாமல் வைத்திருப்பது நல்லது.

கடைசியாக, எனக்கே இன்னும் கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். யோனா என்ற தீர்க்கதரிசி நினிவே அழியும் என்று போய்ச் சொன்னார், நினிவே மனந்திரும்பியது, கடவுள் அழிக்கவில்லை. யோனாவுக்குக் கோபம். அசீரியாவின் கையால் பட்டவர்களின் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோபம் விளங்கும். வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேரும், ஏராளமான மிருகங்களும் இருக்கிற அந்த ஊருக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ என்று கடவுள் கேட்கிறார். யோனாவின் பதில் எழுதப்படவில்லை; புத்தகம் கேள்வியோடேயே நிற்கிறது. ஏசாயா 19இன் முடிவு அதற்கும் மேலே போகிறது. எகிப்தைக் கடவுள் ‘என் ஜனம்’ என்கிறார், அசீரியாவை ‘என் கரத்தின் கிரியை’ என்கிறார், இஸ்ரவேலை மூன்றாவதாகச் சேர்க்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் ஜீவவிருட்சத்தின் இலைகள் ‘ஜாதிகள்’ ஆரோக்கியமடைவதற்கு என்று எழுதியிருக்கிறது. ஆமோஸ் விரல் நீட்டிய அதே ஜாதிகள்.

தொடங்குகிறவர்கள் ஏசாயா 40, 41 இரண்டையும் ஒரே இருப்பில் வாசியுங்கள், அரை மணித்தியாலம்கூட ஆகாது. பிறகு ஆமோஸ் 1, 2. பிறகு யோனா முழுதும். வெளிப்படுத்தின விசேஷத்தை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

அம்மம்மாவின் மூன்று அட்டைகளில் ஒன்று அட்டையே இல்லை. 1995 டிசெம்பர் 31 அன்று சாவகச்சேரிப் பக்கம் நாங்கள் ஒதுங்கியிருந்த இடத்தில் அச்சடித்த அட்டைக்கு எங்கே போவது? யாரோ ஒருவர் பள்ளிக்கூடக் கொப்பித் தாளை வெட்டி, நீலப் பேனையால் ஒவ்வொன்றிலும் ஒரு வசனம் எழுதியிருந்தார். அம்மம்மாவுக்கு வந்த துண்டில் ஏசாயா 41:10. மழை ஈரத்தில் மை கொஞ்சம் ஊறிப்போயிருக்கிறது. பின்பக்கத்தில் அம்மம்மாவின் கையெழுத்தில் பென்சிலால், ‘40ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்க’ என்று இருக்கிறது.